ஒரு விரல் இடம்

கேக் அக்காவுக்குப் பெருமை பேச இரண்டு விஷயங்கள் இருந்தன. ஒன்று, அவள் புருஷன் தையல்காரர். அவர் கை பட்டால் கோணிப்பையும் கோட்டாகிவிடும். இரண்டு, கல்யாணமான புதிதில் அவர் தைத்துக் கொடுத்த நீல ஸ்கர்ட் இன்றைக்கும் அவள் இடுப்பில் கச்சிதமாக உட்காரும். மகளே கல்யாணமாகி வேறு ஊருக்குப் போய்விட்டாள். ஸ்கர்ட் மட்டும் அசையவில்லை. "அன்னைக்கு எடுத்த அளவுதான், இன்னைக்கும் அதே அளவு," என்று பேக்கரிக்கு வருகிறவர்களிடமெல்லாம் இடுப்பைத் தட்டிக் காட்டுவாள்.

இந்த இரண்டு பெருமைக்கும் ஏதாவது சம்பந்தம் இருக்குமோ என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. உங்களுக்குத் தோன்றியிருக்கும். அடுத்த வீட்டு விஷயம் என்றால் எல்லாருக்கும் மூளை வேலை செய்யும்.

பேக்கரியில் அவள் கல்லாவுக்குப் பக்கத்தில் கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் நிற்பாள். கேக்கை வெட்டுவது, பெட்டியில் வைப்பது, பிறந்தநாள் பிள்ளைகளின் பெயரைக் கிரீமில் எழுதுவது எல்லாம் அவள் பொறுப்பு. தெருப் பிள்ளைகள் அவளுக்குக் கேக் அக்கா என்று பெயர் வைத்தார்கள். பிறகு பிள்ளைகளின் அப்பா அம்மாவும், தபால்காரரும், கடை முதலாளியுமே அப்படிக் கூப்பிடத் தொடங்கிவிட்டார்கள்.

கேக்கை வெட்டினால் துண்டு உடையத்தான் செய்யும். உடைந்த துண்டை யாரும் வாங்க மாட்டார்கள். அதை என்ன செய்வது? வீணாக்க அவளுக்கு மனசு வராது. "உடைஞ்ச துண்டுல இனிப்பெல்லாம் சிந்திப் போயிருக்கும், ஒண்ணும் பண்ணாது," என்பது அவள் கண்டுபிடித்த மருத்துவம். காலையில் இரண்டு துண்டு உடையும். மத்தியானம் கொஞ்சம் அதிகமாகவே உடையும். அவள் பசிக்கும் கத்தியின் கூர்மைக்கும் ஏதோ ஒப்பந்தம் இருந்தது போல.

சாயங்காலம் வீட்டுக்குப் போனால் அங்கே தையல்காரர் கரண்டியோடு காத்திருப்பார். நாள் முழுக்க நின்று வருகிற பெண்டாட்டி அடுப்படியிலும் நிற்கக் கூடாது என்று சமையலை அவர் எடுத்துக்கொண்டு பல வருஷங்கள் ஆகின்றன. நல்ல சமையல்காரர். சூப் வைத்தால் தெருமுனை வரை மணக்கும். ஆனால் அவருக்கு ஒரு வியாதி உண்டு: சட்டியில் மிச்சம் இருப்பதைக் கண்ணால் பார்க்க மாட்டார்.

"ஒரே ஒரு கரண்டி. அடியில ஒட்டிக்கிட்டு இருக்கு, வீணாப் போயிடும்."

"வயிறு முட்டிப் போச்சுங்க."

"இதுக்கு மட்டும் இடம் இருக்கும் பாரு."

எப்போதும் இடம் இருந்தது.

அந்த வருஷம் ஊருக்குப் புது டாக்டரம்மா வந்தார். உணவுக் கடைகளில் வேலை செய்கிறவர்கள் வருஷத்துக்கு ஒரு முறை உடம்பைக் காட்டிக் கையெழுத்து வாங்க வேண்டும். பழைய டாக்டர் நாக்கை நீட்டச் சொல்லி, நகத்தைப் பார்த்து, கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடுவார். புது டாக்டரம்மா சின்ன வயசு. ஒன்றையும் விட மாட்டேன் என்கிற ரகம். ரத்தம் எடுத்தார். எடை பார்க்கும் மெஷினில் ஏறச் சொன்னார். மெஷின் காட்டிய எண்ணைப் பார்த்து, இது முன்னால் ஏறிய ஆளுடையதாக இருக்கும் என்று நினைத்து, கேக் அக்கா இறங்கி மறுபடியும் ஏறினாள். எண் மாறவில்லை.

"மெஷின் ரிப்பேர் போல டாக்டர். என் அளவு மாறவே இல்லை. கல்யாணத்தப்போ தச்ச ஸ்கர்ட் இது," என்று இடுப்பைத் தட்டினாள்.

டாக்டரம்மா ஸ்கர்ட்டைப் பார்த்தார், ரிப்போர்ட்டைப் பார்த்தார். "சர்க்கரை எல்லைக்கோட்டுல நிக்குதும்மா. ஒரு காலை அந்தப் பக்கம் வச்சாச்சு. மூணு மாசம் தரேன். இனிப்பு வேண்டாம். ரெண்டாவது தடவை போட்டுக்கறது வேண்டாம். குறைஞ்சா எந்த மருந்தும் தேவையில்லை. குறையலைன்னா மாத்திரை. அதுக்கும் அடங்கலைன்னா ஊசி."

ஊசி என்றதும் கேக் அக்காவுக்கு அம்மா ஞாபகம் வந்துவிட்டது. அவள் அம்மா தினமும் காலையில் ஜன்னலோரம் நின்றுகொண்டு, வயிற்றில் தானே ஊசி குத்திக்கொள்வாள். பள்ளிக்கூடப் பையை மாட்டிக்கொண்டு அதைப் பார்த்தபடி நின்ற பிள்ளை இவள்தான். எது வந்தாலும் அது மட்டும் வரக் கூடாது என்று அன்றைக்கே மனசுக்குள் வேண்டிக்கொண்டிருக்கிறாள்.

அவள் முகம் போன போக்கைப் பார்த்து டாக்டரம்மா குரலைத் தணித்தார். "பயப்படாதீங்க. வீட்டுல மெஷின் வாங்கி வச்சு தினமும் ஏறி இறங்க வேண்டாம், மனசு ஒடிஞ்சு போயிடும். உங்க உடுப்பே உங்களுக்குச் சொல்லும். காலையில இடுப்புப் பட்டியில விரலை விட்டுப் பாருங்க. ஒரு விரலுக்கு இடம் வந்துச்சுன்னா சரியான வழியில போறீங்கன்னு அர்த்தம்."

நல்ல புத்திமதிதான். நூறு பேருக்குச் சொன்னால் தொண்ணூற்றொன்பது பேருக்குப் பலிக்கும். மிச்சமிருக்கிற ஒருத்தி தையல்காரர் பெண்டாட்டி என்று அந்தப் பெண்ணுக்கு எப்படித் தெரியும்?

வீட்டுக்கு வந்ததும் இனிப்பு கிடையாது, இரண்டாவது கரண்டி கிடையாது என்று புருஷனிடம் அறிவித்தாள். சர்க்கரையைப் பற்றியும் சொன்னாள். விரல் கணக்கை மட்டும் சொல்லவில்லை. ஒருநாள் இடுப்பில் விரலை விட்டுக் காட்டி, "இங்க பாருங்க" என்று மனுஷனை அசத்த வேண்டும் என்று ஆசை. ரகசியம் என்று அவள் வாழ்க்கையில் வைத்துக்கொண்டது அது ஒன்றுதான். அதுவே அவளைப் படுத்தி எடுத்தது.

முதல் வாரம் பெரும்பாடு. கேக்குக்கு நடுவில் நின்றுகொண்டு கேக் வேண்டாம் என்பது, ஆற்றுக்குள் நின்றுகொண்டு நனைய மாட்டேன் என்பது போலத்தான். வெனிலா வாசனை மூக்கில் ஏறி, "என்ன அக்கா, கோவமா?" என்று விசாரித்தது. உடைந்த துண்டுகளை ஒரு தட்டில் போட்டுக் கல்லா மேல் வைத்துவிட்டாள். வருகிறவர்கள் ருசி பார்த்துவிட்டு முழுக் கேக்கை வாங்கிக்கொண்டு போனார்கள். முதலாளிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஒரு வேடிக்கை என்னவென்றால், அதற்குப் பிறகு துண்டுகள் அவ்வளவாக உடையவே இல்லை.

வீட்டில் பெரிய தட்டை மேல் அலமாரிக்கு ஏற்றிவிட்டுச் சின்னத் தட்டை எடுத்தாள். காய்கறியை முதலில் சாப்பிட்டாள். கடைசி வாய் போனதும் எழுந்து தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, பல்லும் விளக்கிவிடுவாள். விளக்கிய வாயில் எதைப் போட்டாலும் ருசிக்காது. இதை அவள் தானாகவே கண்டுபிடித்தாள்.

பாவம், தையல்காரர் கரண்டியைத் தூக்கியபடி நிற்பார். "அப்போ இது?"

"நாளைக்கு ஆகும், மூடி வைங்க."

அவர் மூடி வைக்க மாட்டார். கரண்டி அப்படியே திரும்பி அவர் தட்டில் கவிழும். ஊருக்கெல்லாம் அளவெடுக்கிற மனுஷன், தன் தட்டுக்கு ஒரு நாளும் அளவெடுத்ததில்லை.

ஒரு மாசம் போனது. படியேறினால் மூச்சு வாங்கவில்லை. மத்தியானத் தூக்கம் கண்ணைச் சொக்கவில்லை. ஆனால் இடுப்புப் பட்டி? விரல் நுனிகூட நுழையவில்லை. முக்கியமாக இந்த ஞாயிற்றுக்கிழமைகள் அவளைக் குழப்பின. வியாழன் வெள்ளியில் ஏதோ கொஞ்சம் இடம் வருவது போலிருக்கும். வெள்ளிக்கிழமை ராத்திரி நம்பிக்கையோடு படுப்பாள். சனிக்கிழமை துணி துவைக்கிற நாள். ஞாயிறு காலை போட்டுப் பார்த்தால் பழைய இறுக்கம். சனிக்கிழமை அப்படி என்னத்தைத் தின்று தொலைத்தோம் என்று மண்டையைக் குடைந்துகொள்வாள். பிறகு சனிக்கிழமைகளில் ரொட்டியையும் பாதியாகக் குறைத்தாள். அப்போதும் ஞாயிறு அதே ஞாயிறுதான்.

இரண்டு மாசமும் ஓடிவிட்டது. அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை; நாத்தனார் சாப்பிட வந்திருந்தாள். தையல்காரரின் தங்கை. நல்ல மனசு, ஆனால் மனசுக்கும் வாய்க்கும் நடுவில் கதவு கிடையாது. உடம்பு குச்சி, எதைத் தின்றாலும் ஒட்டாது. இரண்டு முறை போட்டுச் சாப்பிட்டுவிட்டு, மூன்றாவதுக்குத் தட்டை நீட்டிக்கொண்டே அண்ணியை மேலும் கீழும் பார்த்தாள்.

"ஏன் அண்ணி, பட்டினி கிடக்கறீங்களாமே, அண்ணன் சொன்னான். முகம்தான் வாடிக் கிடக்கு. ஸ்கர்ட் எப்பவும் போலதானே பிடிச்சுக்கிட்டு நிக்குது? சில பேர் உடம்பு வாகு அப்படி. தண்ணி குடிச்சாக்கூட ஏறும்."

கேக் அக்கா சிரித்து வைத்தாள். உள்ளே ஏதோ ஒன்று சரிந்தது. இரண்டு மாசமாக அவளைத் தூக்கி நிறுத்தியிருந்தது அந்த ஒரு விரல் இடம் வரும் என்கிற நம்பிக்கை மட்டும்தான். அது வராது, இது உடம்பு வாகு என்றால், அப்புறம் எதற்கு இந்தப் பாடு? எப்படியும் ஊசிதான் என்றால் கேக்கைத் தின்றுவிட்டாவது குத்திக்கொள்ளலாமே.

எப்போதும் பாடிக்கொண்டே பாத்திரம் கழுவுகிறவள் அன்று பாடவில்லை. தையல்காரர் கவனித்தார். ஆனால் தங்கை பேச்சுக்குக் கோபம் என்று நினைத்துக்கொண்டு சும்மா இருந்துவிட்டார்.

மறுநாள் சாயங்காலம் முதலாளி சீக்கிரம் கிளம்பினார். "அந்தச் சாக்லேட் கேக் மிஞ்சிப் போச்சு அக்கா. நாளைக்கு வைக்க முடியாது. நீயே எடுத்துக்க."

நேரம் பார்த்துத்தான் சொன்னார்.

ஷட்டரைப் பாதி இறக்கினாள். கண்ணாடிப் பெட்டியின் விளக்கு மட்டும் எரிந்தது. மாவு டின்னைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, கேக்கை மடியருகே ஸ்டூலில் வைத்துக்கொண்டாள். ஏற்கெனவே இருட்டிக்கொண்டு வந்த தெருவில் யாரும் இல்லை. பார்க்கிறதுக்கு ஆள் இல்லாதபோது ஆசைக்குத் தைரியம் ஜாஸ்தி. கத்தியை எடுத்து ஒரு துண்டு வெட்டினாள். துண்டு என்று சொன்னால் பொய். கால் கேக் அது. அதைத் தூக்கும்போது இடது கை விரலெல்லாம் கிரீம். "ஐயோ" என்று கையை ஒரு உதறு உதறினாள்.

டொப்.

கேக்கின் நட்டநடுவில் ஏதோ விழுந்து புதைந்தது.

கேக் அக்கா கையைப் பார்த்தாள். கல்யாண மோதிரத்தைக் காணவில்லை.

இந்த மோதிரத்தின் கதையைச் சொல்லியாக வேண்டும். போன வருஷம், கிரீம் வேலை செய்கிறவர்கள் மோதிரம் போடக் கூடாது என்று முதலாளி சட்டம் போட்டார். சோப்பு போட்டு இழுத்தார்கள். எண்ணெய் தடவி இழுத்தார்கள். விரலில் நூலைச் சுற்றி இழுத்தார்கள். அடுப்பில் வேலை செய்கிறவர் ஒரு பக்கமும் அவள் ஒரு பக்கமுமாகத் தேர் இழுத்ததுபோல இழுத்தும், மோதிரம் மசியவில்லை. கடைசியில் முதலாளி கையெடுத்துக் கும்பிட்டு, கையுறை வாங்கிக் கொடுத்தார். அப்படிப்பட்ட மோதிரம் இன்று ஒரு உதறலில், யாரும் கேட்காமலே, தானாக இறங்கிப் போயிருக்கிறது.

கேக்குக்குள் விரலை விட்டுத் தேடி எடுத்தாள். திரும்பப் போட்டுப் பார்த்தாள். பம்பரம்போல விரலில் சுற்றியது.

விரல் இளைத்திருக்கிறது. விரல் மட்டும் இளைத்து இடுப்பு இளைக்காத உடம்பு உலகத்தில் உண்டா?

கேக் அக்கா கத்தியைக் கீழே வைத்தாள். மோதிரத்துக்கு உள்தையல் கிடையாது, அதைப் பிரிக்கவோ பிடிக்கவோ முடியாது. ஆனால் ஸ்கர்ட்டுக்கு உண்டு. ஸ்கர்ட்டைச் சனிக்கிழமை துவைத்துக் காயப்போட்டபின் இஸ்திரி போடுவது யார்? ஞாயிறு விடியற்காலை, அவள் தூக்கத்தில் புரளும்போது முன்னறையில் கேட்கிற மெஷின் சத்தம் யாருடைய துணிக்கு? "அவசர ஆர்டர்" என்பாரே, எல்லா ஞாயிற்றுக்கிழமையும் யாருக்கு அப்படி என்ன அவசரம்?

விறுவிறுவென்று சாமான் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தி, ஸ்கர்ட்டைக் கழற்றி உள்பக்கம் திருப்பி விளக்குக்கு நேராகப் பிடித்தாள். புத்தம் புதுத் தையல் ஒன்று, பளபளவென்று. அதற்கு அப்பால் மிச்சத் துணி உள்பக்கமாக மடிந்து கிடந்தது; அதில் போன வாரத் தையலைப் பிரித்த ஓட்டைகள், அதற்கு முந்தின வாரத்து ஓட்டைகள். அவள் கண் அதோடு நிற்கவில்லை. இன்னும் வெளியே, துணியின் ஓரம்வரை, மங்கிப் போன பழைய ஓட்டைகள் வரிசை வரிசையாகப் போயின. இவை இரண்டு மாசத்து ஓட்டைகள் இல்லை. இடுப்புப் பட்டியில் மூன்று இடத்தில் ஒட்டுப் போட்டிருந்தது. ஒவ்வொரு ஒட்டும் ஒவ்வொரு வயசு நீலம்.

அன்னைக்கு எடுத்த அளவு, இன்னைக்கும் அதே அளவு.

முதலில் கோபம்தான் வந்தது. ஊரெல்லாம் இடுப்பைத் தட்டிக் காட்டினோமே என்று காது சிவந்தது. அப்புறம் பாதிக் கோபத்தில் சிரிப்பு புகுந்துவிட்டது. மோதிரத்தில் ஒட்டியிருந்த கிரீமை மட்டும் நக்கினாள். அதற்கு மேல் சத்தியமாக இல்லை. கேக்கைப் பெட்டியில் அடைத்து, சாட்சியாக எடுத்துக்கொண்டு வீட்டைப் பார்த்து நடந்தாள்.

தையல்காரர் மேசையில் சின்னத் தட்டும் பெரிய தட்டுமாக வைத்துக் காத்திருந்தார். பெரிய தட்டு இப்போது அவருடையது. கேக் பெட்டியைப் பார்த்ததும் அவர் முகம் ஒரு கணம் மலர்ந்தது. பெண்டாட்டியின் முகத்தைப் பார்த்ததும் அடங்கியது.

"கரண்டியைக் கீழ வைங்க," என்றாள். "ஞாயித்துக்கிழமை விடியக்காலையில யாருக்கு அவசர ஆர்டர்?"

திருடனுக்குத் தேள் கொட்டியது போல நின்றார்.

"ஸ்கர்ட்டைத் திருப்பிப் பார்த்துட்டேன். முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கறவங்களைப் பத்திக் கேள்விப்பட்டிருக்கேன். நீங்க என்னையே ஸ்கர்ட்டுக்குள்ள மறைச்சிருக்கீங்க. வாரா வாரம் எதுக்குப் பிடிச்சீங்க? சொல்லுங்க!"

"தொளதொளன்னு தொங்குச்சும்மா," என்றார் பரிதாபமாக. "தையல்காரன் பொண்டாட்டி சாக்கை மாட்டிக்கிட்டுப் போறான்னு யாரும் சொல்லிடக் கூடாதில்ல. லூசா ஒரு துணியைப் பார்த்தா கை சும்மா இருக்க மாட்டேங்குது. உனக்குச் சந்தோஷமா இருக்கும்னுதான்..."

"சந்தோஷமா? ஒரு விரல் போகுதான்னு தினமும் காலையில பார்த்துப் பார்த்துச் செத்துப் போயிட்டேன்! டாக்டரம்மா சொன்ன ஒரே கணக்கு அதுதான். ஒரு விரலுக்கு இடம் வந்தா ஜெயிச்சேன்னு அர்த்தம். வரவே இல்லை. இன்னைக்கு இந்தக் கேக்கு முழுசையும் திங்கறதுக்கு உக்காந்துட்டேன், தெரியுமா உங்களுக்கு?"

தையல்காரர் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். தான் என்ன செய்துவிட்டோம் என்பது அவர் முகத்தில் மெல்ல மெல்ல ஏறியது. "எனக்கு யார் சொன்னா, விரல் கணக்கை? நீ சொல்லவே இல்லையே."

அது உண்மைதான். கேக் அக்காவும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "சரி. அந்தப் பழைய ஓட்டையெல்லாம்?"

அவர் மேசை விரிப்பின் ஓரத்தைத் தடவிக்கொண்டே சொன்னார். "பாப்பா பொறந்து கொஞ்ச நாள் இருக்கும். நீ இந்த ஸ்கர்ட்டை எடுத்துப் போட்டுப் பார்த்த. கொக்கி சேரலை. கட்டில் ஓரமா உக்காந்து அழுத. எனக்குத் தாங்கலை. நீ தூங்கினதுக்கப்புறம் பிரிச்சு விட்டேன். மறுநாள் போட்டுப் பார்த்துட்டு, 'நேத்து கோணலாப் போட்டிருக்கேன் போல'ன்னு சொல்லிச் சிரிச்ச. அந்தச் சிரிப்பைப் பார்த்ததும்... அப்புறம் பழகிப் போச்சு."

அவளுக்கு அந்தக் காலை ஞாபகம் இருந்தது. சிரித்ததும் ஞாபகம் இருந்தது. அன்றைக்கு மனுஷன் வாசலில் நின்று, பரிசு வாங்கின பிள்ளைபோல அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது ஏன் என்று இப்போதுதான் புரிந்தது.

"அன்னைக்கு என்னை அழ விட்டிருக்கலாம்ங்க," என்றாள். "ஒரு நாள் அழுதிருப்பேன், அவ்வளவுதான். மறுநாள் ரெண்டாவது கரண்டியை வேண்டாம்னு சொல்லியிருப்பேன்."

"தப்புதான்மா."

"தப்புதான்." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இப்போ சொல்லுங்க. இந்த ரெண்டு மாசத்துல மொத்தமா எவ்வளவு பிடிச்சீங்க?"

தையல்காரர் தொழில் விஷயத்தில் பொய் சொல்ல மாட்டார். வலது கையைத் தூக்கி நாலு விரலைச் சேர்த்துக் காட்டினார்.

"நாலு விரலா?"

"ஒரு பக்கத்துக்கு," என்றார்.

கேக் அக்கா இரண்டு கையிலும் நாலு நாலு விரலை நீட்டிப் பார்த்தாள். அவள் கேட்டது ஒரே ஒரு விரல். அதற்காக ஏங்கி, சனிக்கிழமை ரொட்டியைப் பாதியாக்கி, நாத்தனார் பேச்சைக் கேட்டு மனசு விட்டு, கத்தியையும் எடுத்தாயிற்று. எட்டு விரல் இடம் அவள் இடுப்பைச் சுற்றியே மடிந்து கிடந்திருக்கிறது.

"பிரிங்க," என்றாள். "எல்லாத்தையும் இப்பவே பிரிங்க!"

வீட்டு உடுப்புக்கு மாறிக்கொண்டு ஸ்கர்ட்டை அவர் மடியில் போட்டாள். சூப் ஆறிக்கொண்டிருக்க, அவர் கத்தரியும் கண்ணாடியுமாக உட்கார்ந்து இரண்டு பக்கத் தையலையும் பிரித்தார். அவள் பக்கத்திலிருந்து நூலைப் பொறுக்கினாள். முடிந்ததும் ஓடிப்போய்ப் போட்டுக்கொண்டு வந்து அவர் முன்னால் நின்றாள். "இங்க பாருங்க," என்று இரண்டு மாசமாகச் சேர்த்து வைத்திருந்த வார்த்தையைச் சொல்லி, விரலை விட்டுக் காட்டக் கையை எடுத்தாள். ஸ்கர்ட் நேராகக் காலடியில் போய் விழுந்தது.

இருவரும் சிரித்த சிரிப்பில் மேல்வீட்டுக்காரர் தரையைத் தட்டினார். மோதிரம் விழுந்த இடத்தை வெட்டி எடுத்துவிட்டு அந்தக் கேக்கை நாத்தனார் வீட்டுக்கு அனுப்பினார்கள். குச்சி உடம்பு, அவளுக்கு ஒட்டாது.

மிச்சமிருந்த நாளெல்லாம் கேக் அக்கா அந்தத் தொளதொள ஸ்கர்ட்டை ஊக்கு குத்திப் போட்டுக்கொண்டுதான் கடைக்குப் போனாள். தையல்காரருக்குப் பார்க்கப் பார்க்க விரல் துடிக்கும். பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தார். அவளுக்கு இனிப்பை மறுப்பது இப்போது கஷ்டமாகவே தெரியவில்லை. கண்ணாடிப் பெட்டிக்குள் கேக் கூப்பிடும்போதெல்லாம் இடுப்பில் ஒரு விரலை விட்டுப் பார்ப்பாள். இடம் இருந்தது. கேக் கூப்பிட்டுக் கூப்பிட்டு அலுத்துப்போனது.

டாக்டரம்மாவைப் பார்க்க இரண்டு பேருமாகப் போனார்கள். ரிப்போர்ட்டைப் பிரிக்கும்போது கேக் அக்கா புருஷனின் கையைப் பிடித்துக்கொண்டாள். ஜன்னலோரம் நின்ற அம்மாவின் முகம் ஒரு தரம் வந்து போனது.

"எல்லைக்கோட்டுக்கு இந்தப் பக்கம் வந்துட்டீங்க," என்றார் டாக்டரம்மா. "நல்லாவே தள்ளி வந்துட்டீங்க. மாத்திரை வேண்டாம். இப்படியே இருங்க, அடிக்கடி வந்து பார்த்துக்கலாம்." பிறகு இடுப்பைப் பார்த்துச் சிரித்தார். "நான் ஒரு விரல்தானே சொன்னேன்? ரெண்டு கையும் போகும் போலிருக்கே!"

கேக் அக்கா அழுதாள். இந்தத் தடவை தையல்காரர் தடுக்கவில்லை, சும்மா பக்கத்தில் நின்றார். அப்படி நின்றதுதான் தப்பாகப் போய்விட்டது. டாக்டரம்மாவின் பார்வை அவர் சட்டைப் பட்டன்கள் மேல் விழுந்தது. பாவம், அவை உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தன.

"சார், நீங்க ஒரு தடவை மெஷின்ல ஏறுங்களேன்."

"நான் சும்மா துணைக்கு வந்தேன் டாக்டர்," என்று வாசலைப் பார்த்தார்.

வீட்டுக்கு வந்ததும் கேக் அக்கா ஸ்கர்ட்டை மேசையில் போட்டாள். "இப்போ பிடிங்க. ஆனா உள்ள மடிக்காதீங்க, வெட்டிடுங்க."

தையல்காரர் திடுக்கிட்டார். உள்ளே விட்ட துணியை வெட்டுவது அவர் தொழிலில் இல்லை. "நாளைக்கு ஒரு வேளை..."

"நாளைக்குத் தேவைப்பட்டா நான் அழுதுக்கறேன். வெட்டுங்க."

அவர் அவளைப் பார்த்தார். பெரிய கத்தரியை எடுத்தார். கிறீச்சென்று ஒரே ஓட்டமாக வெட்டினார். மூன்று ஒட்டுப் போட்ட பழைய இடுப்புப் பட்டி தனியாகக் கழன்று வந்தது. கேக் அக்கா அதை எடுத்துக்கொண்டு அவர் பின்னால் போய், இடுப்பைச் சுற்றிக் கொண்டுவந்து, முன்னால் கொக்கியைச் சேர்க்கப் பார்த்தாள். சேரவில்லை. நடுவில் ஒரு சாண் இடைவெளி.

தையல்காரர் குனிந்து பார்த்தார். "துவைச்சுத் துவைச்சுத் துணி சுருங்கியிருக்கும்," என்றார்.

"துணி பொய் சொல்லாதுங்க. தையல்காரர்தான் சொல்லுவார்," என்று பட்டியைச் சமையலறை ஆணியில், கரண்டிக்குப் பக்கத்தில் மாட்டினாள். "இது சேர்ற வரைக்கும் உங்க பேண்ட்டுல கை வைக்கக் கூடாது. இறுக்கினா இறுக்கட்டும்."

அன்று இரண்டு சின்னத் தட்டுகளில் சாப்பிட்டார்கள். முடித்தபோது சட்டியின் அடியில் ஒரு கரண்டி சூப் மிஞ்சியிருந்தது. இருவரும் அதைப் பார்த்தார்கள். தையல்காரர்தான் எழுந்து போய் மூடி போட்டார்.